உதவிப் பணத்தை எவ்விதம் செலவிடுவது?

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. உழைத்து ஈட்டிய பொருளை அளந்து செலவிடுவது எவர்க்கும் இயல்பு. ஒரு முழம் துணிக்கு எத்தனை முறை நாடா ஓட வேண்டும் என்பதை அறிந்த கை, அந்த முழத்திற்குக் கிடைத்த கூலியை எளிதில் வீசி எறியாது. எதிர்பாராமல் வந்து சேரும் பணத்தின் தன்மையோ வேறு. அது வந்த வழி நமக்குத் தெரிவதற்கு முன்பே போன வழியும் மறந்து போகிறது. ஆகையால், அரசாங்கத்தார் குடும்பங்களுக்கு நேராக அளிக்கும் உதவிப் பணத்தை எவ்விதம் செலவிடுவது என்ற கேள்வியை நம் அங்கத்தினர்களின் முன் வைத்துச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

இக்கேள்வி கற்பனையில் எழுந்ததன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, நம் மாநிலத்தில் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் வழங்கப்பெற்றது. 2021ஆம் ஆண்டில் தொற்று இரண்டாம் முறை பரவியபோது 4,000 ரூபாய் அறிவிக்கப்பெற்று, மே மாதத்தில் 2,000, ஜூன் மாதத்தில் 2,000 என இரு தவணைகளாக ஏறத்தாழ 2 கோடியே 7 லட்சம் குடும்பங்களுக்கு அளிக்கப்பெற்றது. உழவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் அளிக்கும் மத்திய அரசாங்கத் திட்டம் 2019இல் தொடங்கியது. குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் மாநில அரசாங்கத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பெற்றது.

அந்த 2021 மே மாதத்தை நெசவாளர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நூல் வரவில்லை, நெய்த சேலை விற்கவில்லை, திருமணங்கள் தள்ளிப்போயின அல்லது பத்துப் பேரோடு வாசலுக்குள் முடிந்தன. காய்கறி பயிரிட்டோர் சந்தை அடைபட்டதால் விளைந்ததை வயலிலேயே விட நேர்ந்தது. அந்நாளில் நியாய விலைக் கடை வாசலில் நின்று 2,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பிய ஒவ்வொருவர் மனத்திலும் ஐந்தாறு தேவைகள் ஒருங்கே எழுந்திருக்கும். கடன்காரர் முகம் ஒரு பக்கம், மருந்துச் சீட்டு ஒரு பக்கம், பிள்ளையின் பள்ளிப் பாடம் கேட்கக் கைப்பேசி ஒரு பக்கம். அந்தப் பணம் சிலர் வீட்டில் ஒரு சுமையை நிரந்தரமாக இறக்கிவைத்தது. சிலர் வீட்டில் பத்து நாளில் கரைந்தது. இரு வீட்டாருக்கும் கிடைத்த தொகை ஒன்றே. வேற்றுமை எங்கே பிறந்தது என்பதே நாம் காண வேண்டியது.

பணம் எதற்காக வந்தது?

இத்தகைய உதவிக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. துன்பத்தில் இருப்போரைத் தாங்குவது ஒன்று. முடங்கிப்போன வாணிபத்தை மீண்டும் ஓடச் செய்வது மற்றொன்று. ஒருவர் செய்யும் செலவே மற்றொருவருக்கு வரவு. நெசவாளர் அரிசி வாங்கினால் உழவருக்கு வருமானம். உழவர் வேட்டி வாங்கினால் நெசவாளருக்குக் கூலி. எல்லாரும் அஞ்சிக் கையை இறுக்கிக்கொண்டால் எல்லார் வருமானமும் ஒருங்கே குறைகிறது. அப்பொழுது அரசாங்கம் பணத்தை மக்கள் கையில் கொடுத்துச் சக்கரத்தைத் தள்ளிவிடுகிறது. 1936இல் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் விரிவாக எழுதிய கருத்து இதுவே. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்டிமுலஸ்’ என்று பெயர். ஊக்கத் தொகை என்று நாம் சொல்லலாம்.

சக்கரம் எவ்வளவு தூரம் ஓடும் என்பது பணம் செல்லும் வழியைப் பொறுத்தது. ஓர் ஊரில் ஒருவருக்கு 2,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரும், அவரிடமிருந்து பெறுவோரும், அவருக்கு அடுத்தவரும் தம் கைக்கு வந்ததில் பாதியை உள்ளூரிலேயே செலவிட்டால் 2,000, பிறகு 1,000, பிறகு 500 என்று சுற்றி, ஊராருக்கு மொத்தத்தில் 4,000 ரூபாய் வரவாகிறது. கால் பங்கு மட்டுமே உள்ளூரில் நின்றால் அதே 2,000 ரூபாய் ஏறத்தாழ 2,670 ரூபாய் வரவோடு ஓய்ந்துவிடுகிறது. வேற்றூர்ப் பெருங்கடைக்கும் எங்கோ நெய்த விசைத்தறிப் புடவைக்கும் செல்லும் பணம் நம் தெருவுக்கு எளிதில் திரும்புவதில்லை.

இதை உணர்ந்தே தென்கொரிய நாட்டார் 2020ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தார்கள். நான்கு பேரும் அதற்கு மேற்பட்டோரும் உள்ள குடும்பத்திற்கு 10 லட்சம் வோன் என்னும் அந்நாட்டு நாணயத்தில் உதவி அளித்தார்கள். அதை ஆகஸ்டு 31ஆம் தேதிக்குள் செலவிட வேண்டும்; பெரும் பல்பொருள் அங்காடிகளில் செலவிடலாகாது. ஆகவே பணம் தெருக்கோடியிலிருந்த சிறு கடைகளை நாடிச் சென்றது.

நம் நாட்டிலும் அவ்வாண்டு அக்டோபர் 12 அன்று மத்திய அரசாங்க ஊழியர்களின் செலவைத் தூண்ட இரண்டு திட்டங்கள் அறிவிக்கப்பெற்றன. பண்டிகைக்காக வட்டியில்லாமல் 10,000 ரூபாய் முன்பணம் அளிப்பது ஒன்று. விடுமுறைப் பயணச் சலுகைக்கு ஈடாகப் பொருள்களை வாங்கச் செய்வது மற்றொன்று. இந்த இரண்டாவது திட்டத்தில், 12 சதவீதமும் அதற்கு மேலும் சரக்கு-சேவை வரி உள்ள பொருள்களையே வாங்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. கைத்தறிச் சேலைக்கு அப்போது வரி 5 சதவீதம். எனவே குளிர்பதனப் பெட்டி வாங்கினால் சலுகை உண்டு. நம் தறியில் நெய்த பட்டுச் சேலை வாங்கினால் இல்லை என்று ஆயிற்று. நெசவாளரைத் தண்டிக்க வேண்டும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும், பணம் செல்லும் வாய்க்காலை வெட்டும்போது நம் வயலையும் நினைப்பவர் ஒருவர் அங்கே இல்லாவிடில் இப்படித்தான் நேரும். பிறர் வெட்டும் வாய்க்கால் நம் கையில் இல்லை. நம் கைக்கு வந்த பணத்தின் வாய்க்கால் நம் கையிலேயே இருக்கிறது.

இரண்டு கணக்குகள்

இங்கே ஓர் ஐயம் எழும். பணத்தைச் செலவிட்டால்தான் நாட்டுக்கு நன்மை என்றால், சிக்கனத்தையும் சேமிப்பையும் போதிக்கும் கூட்டுறவு இயக்கம் எங்கே நிற்பது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட வருமானத்திற்கு உட்பட்ட வயது வந்தோருக்கு ஆளுக்கு 1,200 டாலர் அளிக்கப்பெற்றது. பெற்றவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று பொருளாதார ஆராய்ச்சியாளர் விசாரித்தபோது, சராசரியாக ஏறத்தாழ 40 சதவீதம் செலவாயிற்று, 30 சதவீதம் சேமிக்கப்பெற்றது, 30 சதவீதம் கடனுக்குச் சென்றது என்று தெரிந்தது. செல்வம் மிகுந்த நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பணத்தைக் குடும்பங்கள் உடனே செலவிடவில்லை. அரசாங்கம் ஒரு கணக்குப் போட்டது. குடும்பத் தலைவி வேறொரு கணக்குப் போட்டாள்.

இவ்விரு கணக்குகளில் எது சரி என்று கேட்டால், இரண்டும் சரி என்போம். நாளைக்குத் தறி ஓடுமோ ஓடாதோ என்று அஞ்சும் வீட்டார் கொஞ்சம் எடுத்துவைப்பதில் குற்றமில்லை. கடன் தீர்த்த வீட்டாரும் நாட்டுக்குத் துரோகம் செய்தவரல்லர். வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த கூலி அடுத்த மாதம் முதல் அவர்கள் கையில் நிற்கிறது. அது கடைக்கும் சந்தைக்கும் மாதந்தோறும் வரும். ஆகையால் ‘செலவா, சேமிப்பா’ என்று வழக்காடுவதை விட்டு, எது முன்னே எது பின்னே என்று வரிசை அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

முதலில் வயிறு, அடுத்து வட்டி

வரிசையில் முதலிடம் உணவுக்கும் மருந்துக்கும் உரியது. இதில் விவாதத்திற்கு இடமில்லை. அடுப்பு எரியாத வீட்டின் வாசலில் நின்று சிக்கனம் பேசுவது கூட்டுறவாளர்க்கு அழகன்று. 2021ஆம் ஆண்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த 4,000 ரூபாய் முழுவதும் அரிசியாகவும் பருப்பாகவும் மாத்திரையாகவும் மாறியது. அது செம்மையான செலவே.

அடுத்த இடத்தை நாம் வட்டிக்குத் தருகிறோம். இதை ஒரு கணக்கால் விளக்குவோம். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு 4,000 ரூபாய் வாங்கியிருப்பவர் மாதந்தோறும் 200 ரூபாய் வட்டி கட்டுகிறார். ஓராண்டில் 2,400 ரூபாய் போய்விடுகிறது; அசல் அப்படியே நிற்கிறது. இதே 4,000 ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்கு 3 ரூபாய் தரும் சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்தால் வருவது 120 ரூபாய். ஆகவே கடுவட்டிக் கடன் இருக்கும்போது சேமிப்பது, ஓட்டைக் குடத்தின் வாயை மூடிவைப்பதைப் போன்றது. பல கடன்கள் உள்ளவர்கள் தொகை பெரிதாயுள்ள கடனை விடுத்து, வட்டி பெரிதாயுள்ள கடனை முதலில் தீர்க்க வேண்டும். 10,000 ரூபாய்ச் சங்கக் கடனைவிட 2,000 ரூபாய்க் கந்து வட்டி ஆபத்தானது.

பணத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. கடன் முழுவதும் தீர்ந்தால் புரோநோட்டைக் கையோடு திரும்பப் பெற வேண்டும். ஒரு பகுதியே கட்டினால் நோட்டின் பின்புறத்தில் தேதியிட்டு வரவு எழுதச் செய்து, அதற்குத் தனியே இரசீதும் கேட்க வேண்டும். கொடுத்த பணத்தை வட்டியில் வரவு வைப்பதா, அசலில் வரவு வைப்பதா என்பதையும் அப்பொழுதே பேசித் தீர்த்துக்கொள்ளல் நலம். கந்து வட்டியைத் தடை செய்யும் சட்டம் நம் மாநிலத்தில் 2003 முதல் இருக்கிறது. சட்டத்தின் துணையை நாடுபவர்க்கும் எழுத்துச் சான்றே கைகொடுக்கும்.

தறியும் நிலமும்

மூன்றாவது இடம் வருமானம் தரும் கருவிக்கு உரியது. குழித்தறி உள்ள வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குழியில் நீர் ஊறித் தறி நின்றுபோவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி பெறுபவர்க்குப் பத்து நாள் தறி நின்றால் 4,000 ரூபாய் நட்டம். மழைக்கு முன் ஓடு மாற்றுவதற்கும், குழியைச் சுற்றிச் சிமெண்டு பூசுவதற்கும் செலவிடும் பணம் அந்த ஒரு பருவத்திலேயே திரும்பிவிடக்கூடும். தேய்ந்த அச்சும் அறுந்த விழுதும் அடிக்கடி இழை அறுக்கச் செய்து அரை நாளைத் தின்றுவிடும். இவற்றை மாற்றுவதைத் தள்ளிப்போடுவது சிக்கனமாகத் தோன்றும். உண்மையில் அது மறைமுகமான செலவு.

உழவர்க்கும் அவ்வாறே. 2024ஆம் ஆண்டு விலைப்படி 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2,000 ரூபாய்த் தவணையைக் கொண்டு ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் இரண்டு மூட்டை யூரியாவும் வாங்கினால் 1,883 ரூபாய் ஆகிறது. கையில் பணமிருந்து சங்கத்தில் வாங்குபவர் இந்த விலையில் வாங்குகிறார். கடனுக்கு வாங்குபவர் கடைக்காரர் சொல்லும் விலையைத் தருவதோடு, அறுவடையையும் அவரிடமே அவர் சொன்ன விலைக்கு அளக்க நேரிடுகிறது. ஆகவே தவணை வரும் மாதத்தையும் உரம் இடும் மாதத்தையும் பொருத்திவைத்துக்கொள்ளுதல் வேண்டும். இடையே இரண்டு மாதம் இருந்தால், பணத்தைச் சங்கத்தில் வைப்பாகப் போட்டுவைப்பது கைச்செலவிலிருந்து அதைக் காப்பாற்றும்.

பயிர்க் காப்பீட்டையும் இங்கே நினைவூட்டுகிறோம். 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட விதிப்படி ராபி பருவ உணவுப் பயிர்க்கு உழவர் செலுத்தும் பங்கு, காப்பீடு செய்த தொகையில் ஒன்றரை சதவீதம். 30,000 ரூபாய்க்கு அது 450 ரூபாய். வெள்ளம் வந்த பிறகு இந்த 450 ரூபாயை எண்ணி வருந்துவோரை எல்லா ஊர்களிலும் காணலாம்.

இவ்வளவும் போக மிஞ்சியிருந்தால் துணி, பாத்திரம், பண்டிகை ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செலவிடலாம். இன்பமாகச் செலவிடும் நாலு காசை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் அதை நம்மவரிடமே செலவிடுவோமாக. நெசவாளர் வீட்டுக்கு வேண்டிய அரிசியும் கடலையும் எள்ளும் உழவர் சங்கத்திலும் உழவர் சந்தையிலும் கிடைக்கும். உழவர் வீட்டுத் திருமணத்துக்கு வேண்டிய வேட்டியும் சேலையும் நெசவாளர் சங்கத்திலும் கோ-ஆப்டெக்சிலும் கிடைக்கும். நெய்பவரே பிள்ளைக்கு விசைத்தறித் துணி எடுத்துக் கொடுத்தால், பிறர் கைத்தறி வாங்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

யாருடைய பணம்?

குடும்பத் தலைவியின் பெயரில் வரும் பணம் குடும்பத் தலைவியுடையது. அவரைக் கேளாமல் வங்கி அட்டையை எடுத்துச் செல்லும் ஆண்மக்கள் சில வீடுகளில் உண்டு என்பதை வெட்கத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. பாவு சுற்றுவதும், தார் போடுவதும், களை எடுப்பதும், நாற்று நடுவதும் பெண்களின் உழைப்பாயிருக்கக் கூலி மட்டும் பெரும்பாலும் ஆண் பெயரில் எழுதப்படுகிறது. ஆகையால் தம் பெயரில் வரும் இத்தொகை பலருக்கு முதல் சொந்த வருமானம். வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு வரும், எந்தக் கடன்காரர் எப்போது வருவார் என்பவற்றை அவரே நன்கு அறிவார். வரிசை அமைக்கும் உரிமையை அவருக்கு அளிப்பது நியாயம் மட்டுமன்று, இலாபமும் ஆகும்.

வங்கிக் கணக்கைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவியர்க்கு முதல் தொகை வந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதிலிருந்து பிடித்தம் செய்துகொண்டதாகப் புகார்கள் எழுந்தன. 2014இல் தொடங்கிய ஜன்தன் திட்டக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. தம் கணக்கு எவ்வகையது என்று ஒவ்வொருவரும் கேட்டறிதல் நல்லது. உதவித் தொகை வாங்கித் தருகிறேன் என்று தொலைபேசியில் பேசி இரகசிய எண்ணைக் கேட்பவரும், நூற்றுக்கு இவ்வளவு என்று தரகு கேட்பவரும் திருடர் என்றே கொள்க. இரட்டிப்பு ஆக்கித் தருகிறோம் என்று வரும் கம்பெனிகளைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றால் அழுத கண்கள் நம் ஊர்களில் இன்னும் உலரவில்லை.

சங்கம் செய்யத்தக்கது

நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். அங்கத்தினருக்கு அரசாங்கம் அளித்த உதவியை, அவர் சம்மதமின்றிப் பழைய பாக்கிக்கு ஈடு செய்துகொள்ளலாகாது. பாக்கி வசூலிக்கப்பட வேண்டியதே. ஆனால் பட்டினிக் காலத்து உதவியைப் பிடித்துக்கொண்ட சங்கத்தின் வாசலை அந்த அங்கத்தினர் மீண்டும் மிதிக்க மாட்டார். அவர் கந்து வட்டிக்காரரிடம் போய் நிற்பார். சங்கம் பிறந்த காரணமே அங்கே தோற்றுப்போகும்.

சங்கம் செய்யத்தக்க நற்காரியங்கள் பல. தவணை வரும் வாரத்திலேயே உரமும் விதையும் இருப்பில் இருக்கச் செய்யலாம். தறிச் சாமான்களை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தரலாம். விரும்பும் அங்கத்தினர் இருபது பேர் ஆளுக்கு 500 ரூபாய் வைப்பாகக் கட்டினால் 10,000 ரூபாய் அவசர நிதி ஆகிறது. ஒருவர் வீட்டில் இரவில் நோய் கண்டால் மறுநாள் காலையில் நகையை எடுத்துக்கொண்டு ஓடாமல் இருக்க அது உதவும். இவ்வகை நிதியைத் தனியாள் வீட்டுப் பெட்டியில் வைக்கலாகாது. சங்கப் பேரேட்டில் பெயர் பெயராக வரவு வைத்து இரசீது கொடுக்க வேண்டும்.

சிறு தொகையால் என்ன ஆகும் என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் கூடி, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, 28 பவுன் மூலதனத்தில் ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய சில சரக்குகளே அதில் இருந்தன. அவர்களில் பலர் கூலி குறைந்து வாடிய நெசவாளர்கள். உலகெங்கும் இன்று பரவியுள்ள கூட்டுறவு இயக்கம் அந்தச் சிறு கடையைத் தன் தாய்வீடாகக் கருதுகிறது. சிறு தொகையை ஒன்றாகச் சேர்த்து, ஒரு நோக்கத்தோடு, கணக்கு எழுதிச் செலவிட்டதே அவர்கள் கண்ட வழி.

ஒன்றை மறவாதிருப்போம்

இவ்வளவு சொன்ன பிறகும், உதவிப் பணத்தைக் கூலி என்று மயங்கலாகாது. 2,000 ரூபாய் தறியை ஓட்டாது. தறி ஓட நூல் வேண்டும், நெய்த துணிக்கு விற்பனை வேண்டும், செய்த வேலைக்குக் கூலி காலத்தில் வர வேண்டும். உழவர்க்கு நீரும் நியாயமான கொள்முதல் விலையும் வேண்டும். உதவி வந்துவிட்டது என்பதால் இவற்றைக் கேட்பதை நாம் நிறுத்துவோமாயின், கொடுத்தவர் கை உயர்ந்தும் பெற்றவர் கை தாழ்ந்துமே என்றும் இருக்கும். உதவியை நன்றியோடு பெறுவோம். உரிமையை மறவாமல் கேட்போம்.

அடுத்த தவணையோ அடுத்த உதவியோ என்றைக்கு வரினும், வருவதற்கு முந்தின மாலையில் வீட்டார் எல்லாரும் விளக்கடியில் அமர்ந்து ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வரி எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். வயிற்றுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு, தறிக்கும் நிலத்துக்கும் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. பணம் கைக்கு வந்த பிறகு எழுதும் கணக்கு, போன பணத்திற்கு எழுதும் கணக்காகவே முடியும். வருமுன் எழுதியவர், ஆற்றில் போட வேண்டி வந்தாலும் அளந்தே போடுவார்.